ஈரம் போக நிகர எடை: 14 மாதம் ஏறி நின்ற கண்ணாடித் தராசு

விருதுநகரில் ஒரு பருப்பு, எண்ணெய் மண்டியில் 22 வருஷமாகக் கணக்குப்பிள்ளை நான். எடைதான் என் பிழைப்பு. துவரை எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின், 15 கிலோ டின்னில் ஒழுகியது எவ்வளவு, சாக்கின் எடைக்காகக் கழிக்கும் சாக்குக் கழிவு எவ்வளவு என்று எழுதி எழுதி நடுவிரலில் காய்ப்பு ஏறியிருக்கிறது. ஆனால் என்னை நானே எடை போட்டுக்கொண்டது எப்போது என்று யோசித்தால், பள்ளிக்கூடப் பையனாக மதுரை ரயில் நிலையத்தில் கலர் பல்பு மின்னும் மெஷினில் ஏறி நின்றதுதான் ஞாபகம் வருகிறது. காசு போட்டால் அட்டை விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். எடை மறந்துவிட்டது. பெரும்புகழ் அடைவேன் என்று போட்டிருந்தது மட்டும் மறக்கவில்லை.

அடுத்து ஏறியது 2024 ஜூலையில், வியாபாரிகளுக்காக நடந்த ஒரு மருத்துவ முகாமில். 91.4 கிலோ. உயரம் 168 சென்டிமீட்டர், இடுப்பு 108. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.2. "5.7க்கு மேல போனா எச்சரிக்கை, 6.5 வந்தா சர்க்கரை நோய். நீங்க நடுவுல நிக்கிறீங்க சார்" என்றார் அந்த டாக்டரம்மா. இடுப்பு விஷயத்தில் அவ்வளவு மரியாதை இல்லை. நம் ஊர் ஆண்களுக்கு 90 தாண்டக் கூடாதாம், நான் 18 சென்டிமீட்டர் கூடுதல் சரக்கு. என் அப்பா சர்க்கரையில் ஒரு கால்விரலைக் கொடுத்தவர். அதனால் வாதாடவில்லை. அன்று ராத்திரியே போனில் எடை மெஷின் ஒன்று ஆர்டர் போட்டேன். விலை 1,249 ரூபாய்.

பிராண்ட் பெயரை எழுதவில்லை. ஒரே அச்சில் வார்த்த மெஷின் பத்துப் பெயரில் விற்கிறது, எந்தப் பெயரைச் சொன்னாலும் மற்ற ஒன்பதுக்கும் பொருந்தும். சதுரமான தடித்த கண்ணாடி, அடியில் நாலு மூலையிலும் ரப்பர் கால், மேலே உள்ளங்கால் படும் இடத்தில் நாலு வெள்ளித் தகடு, நடுவில் சிவப்பாக எரியும் எண். 180 கிலோ வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. 100 கிராம் 100 கிராமாகக் காட்டும். சின்ன பேட்டரி இரண்டு. புளூடூத் உண்டு, அதற்கொரு செயலி உண்டு. அந்தச் செயலியைப் பற்றி அப்புறம் சொல்கிறேன், கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது.

முதலில் தராசுக்காரன் புத்தி வேலை செய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்டி அடைத்திருந்த நேரம் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனேன். மண்டியில் முத்திரை வைத்த 20 கிலோ இரும்புக் கற்கள் நாலு இருக்கின்றன. கண்ணாடி கீறாமல் இருக்கச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, ஒவ்வொரு கல்லாக ஏற்றினேன். சாக்கு எடையைக் கழித்தால் 20க்கு 20.0 வந்தது, 40க்கு 40.0, 60க்கு 59.9, 80க்கு 79.8. ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்ச் சாமானுக்கு இது அதிகம்தான், மனதாரப் பாராட்டினேன். இரண்டு கல்லை இடது ஓரமாக வைத்துப் பார்த்தால் 39.6 காட்டியது. அதாவது நடுவில் நிற்க வேண்டும், இரண்டு காலுக்கும் சமமாகப் பாரம் இறங்க வேண்டும். இதன் வேலை ரொம்ப எளிது. ஒவ்வொரு காலுக்குள்ளும் ஒரு சின்ன இரும்புப் பட்டை. பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், வளைந்ததும் அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாறும், அந்த மாற்றத்தைத்தான் கிலோவாகச் சொல்கிறது. எங்கள் மேடைத் தராசும் உள்ளே இதே சங்கதிதான். அதனால் நாலு காலும் ஒரே மட்டத்தில் தரையில் உட்கார வேண்டும். கால்மிதி மேல் வைத்தால் உளறும். டைல்ஸ் இணைப்பில் ஒரு கால் விழுந்தாலும் உளறும். எங்கள் வீட்டில் மூன்று இடம் மாற்றிப் பார்த்துக் கடைசியில் வாஷ்பேசினுக்குக் கீழே ஒரே டைல்சுக்குள் அடங்கும் இடம் கிடைத்தது.

அடுத்தது கொஞ்சம் திருட்டுத்தனம். இதை விளம்பரத்தில் எவனும் எழுத மாட்டான். ஒரு நாள் காலை 84.6 காட்டியது. இறங்கி, 200 கிராம் கடலைப்பருப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினேன். 84.6. இன்னொரு பொட்டலம் சேர்த்தேன். அப்போதும் 84.6. அரைக்கிலோ சேர்த்த பிறகுதான் எண் மாறியது. விஷயம் என்னவென்றால், முந்தைய எடைக்கு நெருக்கமாக வந்தால் புதிதாக அளக்காமல் பழைய எண்ணையே எடுத்து நீட்டுகிறது. ஏறி இறங்கி ஏறினால் ஒரே எண் வந்தால்தானே வாங்கியவன் 'துல்லியம்' என்று ஐந்து நட்சத்திரம் போடுவான்! மண்டியில் ஒரு தராசு இந்த வேலை செய்தால் முத்திரை ஆய்வாளர் விடுவாரா? வியாபாரத்துக்கு வைத்திருக்கும் மின்னணுத் தராசை வருஷத்துக்கு ஒரு தடவை சோதித்து முத்திரை வாங்க வேண்டும் என்பது சட்டம். வீட்டு மெஷினைக் கேட்க ஆள் கிடையாது. நான் கண்டுபிடித்த மாற்று வழி: ஏறுவதற்கு முன்னால் வீட்டில் இருக்கும் தண்ணீர்க் குடத்தை ஒரு தடவை அதன் மேல் வைத்து எடுத்துவிடுவது. பழைய எண் அழிந்துபோகும். என் மனைவி இதைப் பார்த்துவிட்டு, "ஏங்க, குடம் எளைக்கணுமா?" என்று கேட்டாள்.

சரி, மெஷின் பரவாயில்லை. எடை குறைந்ததா என்பதுதானே கேள்வி. முதல் மாதம் 2.8 கிலோ இறங்கியது. ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டாவது மாதம் அரைக்கிலோ. செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை 87.9 இருந்தது. சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம், இரண்டு பந்தி சாப்பிட்டவன் மாதிரி ஒன்றும் சாப்பிடவில்லை, ஒரே பந்திதான். ஞாயிறு காலை 89.3. ஒரு வேளைச் சாப்பாட்டில் 1.4 கிலோ! எண்ணெயை டின்னோடு குடித்தாலும் ஒரே நாளில் அவ்வளவு கொழுப்பு ஏறாது. ஒரு கிலோ உடம்புக் கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. நான் அந்தக் கல்யாணத்தில் தின்ற சோறு, அப்பளம், பாயசம் எல்லாம் சேர்த்தாலும் அதில் கால்வாசியைத் தாண்டியிருக்காது. பிறகு எங்கிருந்து வந்தது?

யோசித்துக்கொண்டு மண்டியில் உட்கார்ந்திருந்தபோது மழை தூறியது. எதிர்க்கடைக்கு மிளகாய் வத்தல் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. மழைக் காலத்து வத்தல் மூட்டை எடை கூடும், எங்கள் ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். கூடியது வத்தல் இல்லை, ஈரம். அதனால்தான் வாங்குகிறவன் மூட்டைக்குள் கையை விட்டு அள்ளி, உள்ளங்கையில் குலுக்கிச் சத்தம் கேட்கிறான். 22 வருஷம் அதைப் பார்த்தவன், என் உடம்பு மட்டும் காய்ந்த சரக்கு என்று எப்படி நினைத்தேனோ.

பிறகு படித்துப் பார்த்தால் கணக்கு நேராகிவிட்டது. சோறு, இட்லி, இனிப்பு எல்லாம் கொஞ்சம் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பாகத் தசையிலும் கல்லீரலிலும் தங்கும், ஒரு கிராம் தங்கினால் கூடவே சுமார் மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஊறுகாயும் அப்பளமும் கொண்டுவரும் உப்பு தனியாகத் தண்ணீரை நிறுத்தும். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை ஏதோ தப்புச் செய்தவனுக்கான பழமொழி என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். அதோடு வயிற்றுக்குள் இன்னும் வெளியேறாத சாப்பாட்டின் எடை வேறு. மூன்றாம் நாள் புதன்கிழமை 88.0 வந்து நின்றது, நான் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. அதே மாதிரி, முதல் மாதம் இறங்கிய 2.8 கிலோவிலும் பாதிக்கு மேல் ஈரமாகத்தான் இருந்திருக்கும். ஊரெல்லாம் சொன்னதை இனித் திரும்ப வாங்க முடியாது.

ஆகவே மண்டிக் கணக்கையே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய நாள்வழிப் புத்தகம் ஒன்றில் தினமும் காலை எடை எழுதுவேன். எழுந்து, கழிப்பறை போய் வந்து, காபி குடிக்கும் முன், வேட்டியோடு. சாக்குக் கழிவு தினமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் இல்லையா? ஞாயிற்றுக்கிழமை ஏழு எண்ணையும் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் மொத்தக் கணக்கு எழுதும் பேரேட்டில் ஏற்றுவேன். நாள்வழி எண்ணைப் பார்த்துச் சந்தோஷமும் கிடையாது, வருத்தமும் கிடையாது. அது ஈரத்தோடு சேர்ந்த எடை. பேரேட்டு எண்தான் சரக்கு. இந்த ஒரு பழக்கம் வராமல் இருந்திருந்தால் மெஷின் எப்போதோ பரணுக்குப் போயிருக்கும். நாலு தடவை 'இனிமேல் டயட்' என்று ஆரம்பித்து விட்டவன் நான். நாலு தடவையும் விட்டது ஏதோ ஒரு எண்ணைப் பார்த்து மனசு விட்டுப்போன மறுநாள்தான்.

இதிலும் ஒரு தடவை விட்டேன். 2024 தீபாவளி அக்டோபர் 31. நாலு நாள் முன்னால், 27ஆம் தேதி, சராசரி 87.5. அதற்கு மேல் என்ன வரும் என்று தெரிந்ததாலேயே மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். முறுக்கு, அதிரசம், மண்டியில் வந்து குவிந்த இனிப்புப் பெட்டிகள். 18 நாள் நாள்வழியில் வெற்றுப் பக்கம். அந்த வெற்றுப் பக்கம்தான் உறுத்தியது. கணக்கு எழுதாத நாளில் கடையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? நவம்பர் 15 காலை பல் தேய்க்கப் போனால், வாஷ்பேசினுக்குக் கீழே பழைய இடத்தில் மெஷின் உட்கார்ந்திருக்கிறது. என் மனைவி வீடு கூட்டும்போது எடுத்து வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே ஏறினேன். 89.8.

அன்றைக்கு நான் புரிந்துகொண்டது மெஷினைப் பற்றி இல்லை, அது இருக்கும் இடத்தைப் பற்றி. கட்டிலுக்கு அடியில் இருந்தால் தினமும் ஒரு முடிவு எடுக்க வேண்டும், குனிய வேண்டும், இழுக்க வேண்டும். பல் தேய்க்கும் இடத்தில் இருந்தால் முடிவு எடுக்க ஒன்றுமே இல்லை, கால் தானாக ஏறிவிடுகிறது. லண்டனில் 96 பேரை வைத்து ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்திருக்கிறார்கள். நடுவாகப் பார்த்தால் 66 நாள், சிலருக்கு 18 நாளில் படிந்ததாம், சிலருக்கு 254 நாள் ஆகலாம் என்று கணக்கு. ஒரு நாள் விட்டுப்போனால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது என்பதும் அதில் தெரிந்தது. 21 நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று மந்திரம் சொல்கிறவர்கள் இதைப் படிப்பது நல்லது. எனக்கு எத்தனை நாள் ஆனது என்று நாள்வழியைப் பார்த்தாலும் சொல்லத் தெரியவில்லை, ஏதோ பொங்கலுக்குப் பிறகு யோசிப்பது நின்றுபோயிருந்தது.

எடையைப் பார்ப்பதால் எடை குறையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பார்ப்பதால் வேறு இடங்களில் கை வைக்கத் தோன்றுகிறது. நான் முதலில் கை வைத்தது எண்ணெயில். எங்கள் வீட்டில் நாலு பேர், அம்மாவையும் சேர்த்து. மாதம் 5 லிட்டர் எண்ணெய். லிட்டருக்கு 910 கிராம் என்று வைத்தால் 4,550 கிராம், நாலு பேருக்கும் 30 நாளைக்கும் பிரித்தால் தலைக்கு ஒரு நாள் 38 கிராம். கிராமுக்கு 9 கலோரி, ஆக 340 கலோரி எண்ணெயிலேயே. எண்ணெய் மண்டிக்காரன் வீட்டில் எண்ணெய் அளந்து ஊற்றுவதாவது என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஏய்யா, கரண்டியில அளந்து ஊத்துற வீடு வெளங்குமா?" நான் அளக்கச் சொல்லவில்லை. கேனைத் திறக்கும் நாளில் தேதியை அதன் மேல் மார்க்கர் பேனாவால் எழுதி வைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். தேதி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்ததோ என்னவோ, 5 லிட்டர் கேன் மாதம் முடிந்தும் தீரவில்லை. ஆறு மாதத்தில் மாதம் 3 லிட்டருக்கு வந்துவிட்டது. தலைக்கு 23 கிராம். ஒரு நாளைக்கு 135 கலோரி சொச்சம் மிச்சம், மாதத்துக்குக் கணக்குப்படி அரைக்கிலோ. முதலாளிக்கு இது தெரிய வேண்டாம்.

இரண்டாவது, மண்டி டீ. நாளைக்கு நாலு, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. 26 வேலை நாளுக்குக் கூட்டினேன், ஒரு கிலோவுக்கு மேல் வந்தது. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், இதையா மாதாமாதம் டம்ளரில் குடித்தேன் என்று. இப்போது இரண்டு டீ, அதுவும் அரைச் சர்க்கரை. முதல் பத்து நாள் கஷாயம் குடித்த மாதிரி இருந்தது.

எண்ணெய் பரோட்டாவை விட்டாயா என்று கேட்பீர்கள். விருதுநகரில் இருந்துகொண்டு அதை விட்டால் ரேஷன் கார்டைப் பிடுங்கிவிடுவார்கள். வாரம் இரண்டு நாள் என்பது மாதம் ஒரு நாள் ஆயிற்று. எண்ணெயில் முழுக்கிப் பொரித்து மொறுமொறுவென்று எடுத்து, சால்னா ஊற்றித் தருவார்கள். மறுநாள் காலை 1.1 கிலோ கூடக் காட்டும். முன்பென்றால் அந்த எண்ணே அடுத்த பரோட்டாவுக்குக் காரணமாகியிருக்கும், 'கெட்டது கெட்டாச்சு' என்று. இப்போது 'ஈரம்' என்று நாள்வழி ஓரத்தில் எழுதிவிட்டு நடக்கப் போய்விடுகிறேன். நடை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, காலையில் கடை திறப்பதற்கு முன் தெப்பக்குளத்தைச் சுற்றி 40 நிமிஷம்.

இனி அந்தச் செயலி. மெஷினோடு வருவது. எடை பார்க்க அதற்கு என் போன் நம்பர் எதற்கு, நான் இருக்கும் இடம் எதற்கு? கொடுத்த மறுநாளிலிருந்து இளைக்க வைக்கும் பவுடர் விளம்பரம் வரத் தொடங்கியது. அதைவிட வேடிக்கை, கொழுப்பு எத்தனை சதவீதம், தசை எவ்வளவு, எலும்பு எவ்வளவு, 'உடல் வயது' எவ்வளவு என்று 13 எண்களை அடுக்குகிறது. 47 வயதுக்காரனுக்கு உடல் வயது 58 என்று முதல் நாளே போட்டது. ஜோசிய அட்டை ஞாபகம் வந்தது. அந்த அட்டையாவது நல்லதாகச் சொன்னது.

அதையும் சோதித்தேன். வெள்ளித் தகடு வழியாக ஒரு காலில் சின்ன மின்சாரத்தை விட்டு மறு காலில் வாங்குகிறது. தண்ணீர் உள்ள தசை மின்சாரத்தை விடும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையை வைத்து, நாம் கொடுத்த வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு கணக்குப் போடுகிறது. மின்சாரம் பெரும்பாலும் கால் வழியாகவே போய்த் திரும்பிவிடும், வயிற்றுக் கொழுப்பை அது பார்ப்பதே இல்லை. எனக்கு வெடிப்புக் கால். காய்ந்த காலோடு நின்றால் கொழுப்பு 34.1 சதவீதம், கால் கழுவித் துடைத்து ஈரப் பதமாக நின்றால் 30.6. ஒரு சொம்புத் தண்ணீரில் மூன்றரை சதவீதம் கொழுப்பு கரைந்துவிட்டது! வயதை 27 என்று மாற்றினேன், இன்னும் இறங்கியது. அன்றோடு செயலியை நீக்கிவிட்டேன், இடுப்புக்குத் தையல்கடை டேப் போதும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இந்த மின்சாரம் விடும் வகை மெஷினில் ஏறவே கூடாது, இதைப் பெட்டியின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருந்தார்கள்.

இன்னொரு குறை: ஈரக் காலோடு கண்ணாடியின் ஓரத்தில் மிதித்தால் மெஷின் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். நான் ஒரு தடவை வாஷ்பேசினைப் பிடித்துத் தப்பித்தேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கவனம். பேட்டரி ஏழு மாதம் வந்தது. தீரும் சமயத்தில் 'தீர்ந்தது' என்று சொல்லாமல் மூன்று நாள் கன்னாபின்னா எண்ணைக் காட்டியது.

எனக்குப் பெரிய குறையாகப் பட்டது மெஷினில் இல்லை. என் மகள் பிளஸ் டூ. ஒல்லியான பிள்ளை. பிப்ரவரியில் ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்குக் குடத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. எழுந்து பார்த்தால் அவள் மெஷினில் நிற்கிறாள். என் குட வித்தையைக்கூடக் கற்றுக்கொண்டிருக்கிறாள். விசாரித்ததில் நாளைக்கு மூன்று தடவை பார்க்கிறாளாம், ராத்திரிச் சாப்பாட்டைப் 'பசிக்கல' என்று தள்ளியதெல்லாம் அதனால்தான். "நீங்க மட்டும் தினமும் எழுதுறீங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. ஈரம், வத்தல், பேரேடு எல்லாவற்றையும் அவளிடம் உட்கார்ந்து சொன்னேன், வளர்கிற வயதில் எடை ஏற வேண்டும் என்பதையும் சொன்னேன். ஆனாலும் மெஷினை என் அறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டேன். இப்போது காலையில் வெளியே வந்து, பார்த்து, திரும்ப உள்ளே போகிறது. அவள் சாப்பிடுகிறாள். வீட்டில் வயசுப் பிள்ளைகள் இருந்தால், சாப்பாட்டோடு சண்டை போடுகிறவர்கள் யாராவது இருந்தால், இந்த 1,249 ரூபாயை வேறு எதற்காவது செலவழியுங்கள்.

அமெரிக்காவில் 1994ல் தொடங்கிய ஒரு பதிவேடு இருக்கிறது. குறைந்தது 13.6 கிலோ குறைத்து, ஒரு வருஷமாவது ஏறாமல் வைத்திருப்பவர்கள் அதில் சேர்கிறார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் வாரத்துக்கு ஒரு தடவையாவது எடை பார்க்கிறவர்கள், பத்தில் ஒன்பது பேர் சராசரியாக நாளைக்கு ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள் என்று படித்தபோது பேரேட்டுக்காரனாக எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கடை நொடித்தவன் கணக்கு அந்தப் பேரேட்டில் இருக்காது. தினமும் எடை பார்த்தும் குறையாதவர்கள் எத்தனை பேரோ, அவர்கள் எங்கே போய்ப் பதிவது? அதனால் 'எடை பார்த்தால் எடை குறையும்' என்று யாராவது இதைக் காட்டி மெஷின் விற்றால் நம்ப வேண்டாம்.

ஏப்ரல், மே இரண்டு மாதம் பேரேட்டு எண் 83ஐ விட்டு நகரவே இல்லை. அப்போதுதான் சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் 2006ல் வெளியிட்ட ஆய்வு கண்ணில் பட்டது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்துச் செய்தது. நடையும் சாப்பாட்டு மாற்றமும் கடைப்பிடித்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்திருக்கிறது, எடை பெரிதாக இறங்காமலேயே. அந்த நம்பிக்கையில் ஜூனில் ரத்தம் கொடுத்தேன். 6.2 என்பது 5.8. எச்சரிக்கைக் கோட்டுக்கு இன்னும் மேலேதான், ஆனால் மெஷின் அசையாமல் நின்ற இரண்டு மாதமும் வீணாகவில்லை. இந்த இறக்கத்தை அந்தச் சிவப்பு எண் எனக்குக் காட்டவே இல்லை.

2025 செப்டம்பர் கணக்கு: சராசரி 79.8. 14 மாதத்தில் 11.6 கிலோ, மாதத்துக்கு 830 கிராம் வீதம். இடுப்பு 97. உயரத்தையும் எடையையும் ஒப்பிடும் இந்தியர்களுக்கான அளவுகோலில் நான் இன்னும் பருமன் பட்டியலில்தான் இருக்கிறேன். மெஷினுக்கு ஐந்தில் மூன்றரை கொடுக்கலாம். பழைய எண்ணை நீட்டும் திருட்டுத்தனத்துக்கு ஒன்று, 13 எண் ஜோசியத்துக்கு அரை கழிவு. புளூடூத் இல்லாத மெஷின் இதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது, அதை வாங்குங்கள். கூடவே ஒரு நோட்டு.

போன வாரம் முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. "ஏப்பா, ஒன் மெஷின ரெண்டு நாளைக்குக் கொண்டாயேன்" என்றார். வீட்டுச் சாமான், தர முடியாது முதலாளி, என்றேன். மனிதர் சளைக்கவில்லை. மூட்டை இறங்கிக்கொண்டிருந்த மேடைத் தராசில் செருப்போடு ஏறி நின்றுவிட்டார். சட்டைப் பையில் இரண்டு போன், இடுப்பில் கல்லாச் சாவிக் கொத்து. தராசு 104.350 காட்டியது. மண்டி முழுக்க அமைதி. சுமைதூக்கும் முருகேசன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டான்: "அண்ணாச்சி, சாக்குக் கழிவு எம்புட்டுப் போட?"